நாலாம் எண் டிஸ்க்

மண்டபத்தில் கரண்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்து
இரவு பத்தரைக்கு ஆரம்பித்தேன்.
ஒரு இரும்புப் பெட்டி, உள்ளே எட்டு டிஸ்க்.
மதுரையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான் ரெமிஜியூஸ்.
பரமக்குடி வரை வேகத்தடை வரும்போதெல்லாம்
இருக்கையை விட்டு எழும்பினானாம்.

“எட்டையும் ஒண்ணாக் கட்டிடுங்க மேடம், பறக்கும்”
என்றான் கடைக்காரன்.
ஒன்று போனால்?
“புதுசு மேடம், ஏன் போகுது?”
சீலிங் ஃபேன் திருகு ரெண்டு மழை தாங்காத ஊர் இது.
மதுரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு
உப்பைச் சாப்பாட்டில் மட்டும்தான் தெரியும்.

கணக்கு இதுதான்.
நொடிக்கு இருபத்தைந்து படம், படத்துக்கு ஐந்தரை எம்பி,
ஆக நொடிக்கு நூற்று முப்பத்தெட்டு.
ஒரு காட்சி இன்னொன்றில் கரையும்போது இரட்டிப்பு:
இருநூற்று எழுபத்தாறு.
ஒரு கணமும் இதற்குக் கீழே இறங்கக் கூடாது.
சராசரி எனக்கு வேண்டாம்.
சராசரியில் மார்பளவுத் தண்ணீர்தான் என்று நம்பி
குருசடைத் தீவுக்கு யாரும் நடந்து போவதில்லை.

அதனால் ரெய்டு ஐந்து.
ஏழு டிஸ்க் அளவு இடம் எனக்கு.
எட்டாவதின் அளவு யாருக்கும் இல்லை.
எட்டிலும் சிதறிக் கிடக்கும் அது,
ஒருவன் கரைக்கு வராவிட்டால்
அவன் வலையில் என்ன இருந்தது என்று
மற்ற ஏழு பேரும் கூட்டிக் கழித்துச் சொல்வதற்கு.

காலியாக இருந்தபோது அறுநூற்றுப் பத்து காட்டியது.
காலிப் பெட்டி பீற்றிக்கொள்ளும்.
முக்கால் நிரப்பினேன், நானூற்று நாற்பது.
தொண்ணூறு சதவீதம், முந்நூற்று நாற்பது.
தட்டின் வெளிவிளிம்பில் ஓடிய ஓட்டம்
உள்ளே போகப் போகத் தளர்கிறது.
நோட்டில் எழுதி அடிக்கோடிட்டேன்:
விலை கேட்கும்போது இந்த எண்ணைக் கேள்.

எதை ஓட்டிப் பார்ப்பது?
வெறும் கறுப்புத் திரையை வைத்துச் சோதிப்பது
ஆளில்லாத படகில் பாரம் பார்ப்பது.
ரெமிஜியூஸ் வடகடலில் எடுத்த நாற்பத்தொரு நிமிடம் இருந்தது.
ஆவுளியாவுக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.
வெறும் தாழை, ஆடிக்கொண்டு.
“அழிச்சிருங்க அக்கா” என்று
என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

சுருக்குகிற மென்பொருளுக்குத் தாழை பிடிக்காது.
போன படத்தில் இருந்ததுதானே என்று
பாதிப் புல்லைப் பூசிவிடும்.
போனில் நாங்கள் பார்த்த பிரதி அப்படித்தான், பச்சைச் சேறு.
இங்கே ஒவ்வொரு இலையும் தன் பாட்டுக்கு.

பதினொன்றே கால்.
படம் ஓடும்போதே நாலாம் எண் டிஸ்க்கின் தாழ்ப்பாளை நீக்கி
உருவினேன்.
கை சுட்டது. பெட்டி கத்தியது.
சிவப்பு விளக்கின் கீழ் கறுப்பாக ஒரு பொந்து.
திரையில் தாழை ஒருமுறை கூடத் திக்கவில்லை.
இருநூற்றுத் தொண்ணூறு.
பதினான்கு எம்பி மிச்சம், ஒரு சாண் தண்ணீர்.

விட்டுப்போன படம் ஒன்றாவது இருக்கும் என்று
கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
இருபத்தொன்பதாவது நிமிடத்தில்
இடது மூலையில் மணல் தெரிந்தது.
ஒரு பாய் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு.
புல்லை வேரோடு மேய்ந்த தடம்,
வளைந்து, கேமரா எட்டாத பக்கம் போகிறது.
ஓரங்கள் இன்னும் சரியவில்லை.
நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன்.
அந்தத் தடத்தின் எட்டில் ஒரு பங்கு
இப்போது என் மேஜைமேல் ஆறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் இருந்தது.
இல்லாததை மற்ற ஏழும்
நொடி தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

டிஸ்க்கைத் திரும்பச் செருகினேன்.
மறுகட்டுமானம், மீதம் பதினொரு மணி நேரம் என்றது.
அந்த நேரத்தில் வேகம் நூற்றுத் தொண்ணூறுக்கு விழுகிறது,
வெட்டி ஒட்ட முடியாது. இதையும் எழுதினேன்.
யு.பி.எஸ். தாங்குவது நாற்பது நிமிடம்.
வாடை எழும்பி ஜன்னல் கொக்கி ஆடத் தொடங்கியது.

போன் செய்தேன். தூக்கத்தில் எடுத்தான்.
“டிஸ்க் செத்துருச்சா அக்கா?”
இல்லை, எந்த இடத்தில் முங்கினாய் என்று கேட்டேன்.